ஐந்து பேர் வேண்டும்

அறிக்கையில் எங்கள் ஊருக்கு நேராகப் பூஜ்யம் என்று போட்டிருந்தது.

பிரையனி அதை எங்கள் சமையலறை மேசையில் விரித்து வைத்து இரண்டு முறை வாசித்தாள். அவள் தலைநகரில் கிராமத்துப் பெண்களுக்காக வாதாடும் ஒரு சங்கத்தில் ஆய்வு செய்பவள். நான்கு மாதமாக எங்களுக்காகச் சுகாதாரத் துறைக்கு எழுதி எழுதி, கடைசியில் இந்தக் கணக்கை வாங்கியிருந்தாள். ஆறு ஆண்டுகளில், மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன் வழியிலேயே நடந்த பிரசவங்கள். கூனரிங் வட்டாரம், பூஜ்யம்.

"பூஜ்யமா?" என்றாள் டல்சி. "அப்ப டெஸ் பிங்கமோட பையன் தபால்லயா வந்தான்?"

டல்சி எங்கள் ஊர் பெட்ரோல் டிப்போவை நடத்துபவள். சத்தியப் பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் உரிமையும் அவளுக்கு உண்டு. யாரும் சிரிக்கவில்லை. என் அக்கா ஷோனா இரண்டு நாற்காலிகளில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் ஏழு வாரம்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடி ஆறு வருடமாகிறது. அதிலிருந்து பிள்ளை பெற வேண்டுமானால் வென்ஸ்லிக்குத்தான் போக வேண்டும், நூற்று அறுபத்து நான்கு கிலோமீட்டர். ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். ஷோனாவின் முதல் பிள்ளை, வார்டு மூடுவதற்கு முந்தைய மாதம், வலி எடுத்து ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பிறந்துவிட்டது. இரண்டாவது இன்னும் சீக்கிரம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் எந்நேரமும் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த புதன்கிழமை மாநில சட்டமன்றக் குழு ஒன்று எங்கள் ஊர் மண்டபத்துக்கு வருகிறது. வார்டு மறுபடி வேண்டுமா என்று விசாரிக்க. எழுத்து மூலம் கொடுப்பதை இந்த வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். போன வருடம் வடக்கே ஒரு ஊரில் இப்படி விசாரணை முடிந்து, மூன்றே வாரத்தில் இரண்டு மருத்துவச்சிகளை அனுப்பிவைத்திருந்தார்கள். அதனால் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேட்பது?

"ஏழு குழந்தைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் பிரையனி. "அந்த ரோட்டுல ஏழு. அப்புறம் எப்படி இது?"

அம்மா எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாள். அது ஏற்கெனவே கொதித்துத்தான் இருந்தது. எங்கள் ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுவது அம்மாதான். பதினோரு வருடமாகச் சம்பளமில்லாமல் ஓட்டுகிறாள். அந்த ஏழு குழந்தைகளையும் கையில் வாங்கியவள் அவள்.

முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "நான்தான் எழுதினேன். வென்ஸ்லி போய்ச் சேந்ததும் பொறந்துச்சுன்னு."

"கிளென்..." என்றாள் டல்சி.

"மொதல்ல டெஸ்தான் கேட்டா. கோதுமைக் கிடங்கு பக்கத்துல வண்டிய நிறுத்தி எடுத்தோம். வழி பூரா அழுதுக்கிட்டே வந்தா. சர்ட்டிபிகேட்ல ரோட்டோரம்னு போட்டா ஸ்கூல்ல அவனுக்கு அடிபட்ட கங்காருன்னு பேர் வச்சிருவாங்க, எழுதாதீங்க கிளென்னு. சரி, இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். தொப்புள் கொடிய வெட்டாம அப்படியே கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு வெட்டுனாங்க. அங்க பொறந்த மாதிரிதானே? அப்புறம் எல்லாரும் கேக்க ஆரம்பிச்சாங்க. எனக்கும் வென்ஸ்லி போட்டுருங்கன்னு."

"கேக் வேற கொண்டாந்து குடுத்தாங்க" என்றாள் ஷோனா மெதுவாக. அந்த கேக்குகளை நாங்கள்தான் தின்றோம்.

பிரையனி திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு என்ன செய்யலாம் என்று சொன்னாள். அந்தத் தாய்மார்கள் ஒவ்வொருவரும் பிள்ளை எங்கே பிறந்தது என்று சத்தியப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பிறப்பைப் பதியும் படிவத்தில் அவர்களும்தான் வென்ஸ்லி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அபராதம் வராது என்று அவளால் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலும் வராது, அவ்வளவுதான்.

"குறைஞ்சது அஞ்சு பேர் வேணும்" என்றாள். "பூஜ்யத்துக்கு மேல, அஞ்சுக்குக் கீழ இருந்தா அட்டவணையில நம்பரே போட மாட்டாங்க. நட்சத்திரம்தான் போடுவாங்க. சின்ன ஊர்ல அது யாருன்னு வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னு ஒரு விதி."

"இங்க நட்சத்திரம் போட்டாலும் தெரியும்" என்றாள் டல்சி. "குரைக்கிற சத்தத்த வச்சே அது யார் வீட்டு நாய்னு சொல்ற ஊரு இது."

யார் போவது என்று பேச்சு வந்தது. அம்மா போனால் கட்டாயப்படுத்தியதாக ஆகும். பிரையனி வெளியூர்க்காரி, அவளுக்குக் கதவு திறக்காது. ஷோனாவால் காரில் அரை மணி உட்கார முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பதினெட்டு வயது. வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் பேச்சு வராது, அதனால் பத்தாவதோடு நின்றுவிட்டேன். காலையில் பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறேன். பிற்பகலில், வார்டைத் திறக்கக் கேட்கும் எங்கள் ஊர் இயக்கத்துக்குக் கடிதங்கள் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடிதம் என்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

"நான் கூட வரேன் மெர்" என்றாள் டல்சி. "வாய் என்னோடது. கால் உன்னோடது."

திங்கட்கிழமை டெஸ் பிங்கம் வீட்டு வாசலில் நின்றேன். காரில் வரும்போது நான்கு வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. காகிதத்தை நீட்டினேன்.

"இவ பேச மாட்டா, அது பேசும், படி" என்றாள் டல்சி.

டெஸ் படித்தாள். அவளுடைய ஐந்து வயதுப் பையன் தண்ணீர்க் குழாயோடு எங்களைச் சுற்றி ஓடி, டல்சியின் செருப்பை நனைத்தான்.

"என்னாலதானா இதெல்லாம் ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள் டெஸ்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. வண்டியின் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வெயில் சூட்டில் பேனா மை கசிந்து விரலெல்லாம் நீலம்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் போட்டார்கள். ஒருத்தியின் கணவன், "வக்கீல் வச்சுப் பாத்துட்டுதான்" என்றான். "வக்கீலா? ஒனக்கு வேலி போடவே ஆள் கெடைக்கல" என்று அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை கோதுமை அறுக்கும் இயந்திரத்தை நடு வயலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஒருத்தி போட்டாள். முகமெல்லாம் தூசி. "அந்த ராத்திரி கிளென் இல்லைனா நானே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள்.

நான்கு ஆயிற்று. ஐந்தாவது பெண் வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டிருந்தாள். அவள் தொலைபேசி எடுக்கவில்லை. ஆறாவது கர்ஸ்டி. அவள் கம்பிக்கதவைத் திறக்காமலே பேசினாள்.

"எனக்குத் திரும்பவும் புள்ள, பிப்ரவரில. தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"நான் கையெழுத்துப் போட்டா, யார் பொய்யா எழுதினதுன்னு கேப்பாங்க. உங்கம்மாவ வண்டிலேந்து எறக்கிருவாங்க. வார்டு எப்ப தொறக்கும்? உன்னால சொல்ல முடியுமா? வண்டி இன்னைக்கு இருக்கு. நான் இன்னைக்கு இருக்கறதத்தான் பாப்பேன் மெரின்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. டல்சிக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. திரும்பும் வழியில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

மிச்சம் ஒருத்திதான். ரோவீனா ஹாடோ.

அவள் பிள்ளை பிழைக்கவில்லை. அதனால் முதலிலிருந்தே அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஏழு என்று சொல்லும்போது அதில் அவளும் சேர்த்திதான், ஆனால் பட்டியல் போடும்போது ஆறோடு நிறுத்திவிடுவோம். வியாழக்கிழமை மதியம் அம்மா சொன்னாள், "அவகிட்ட போகாத கண்ணு. அது பாவம்."

"போ" என்றாள் ஷோனா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். போ மெர். எனக்கு ஆறரை வாரம்தான் இருக்கு."

டல்சி ஹாடோ பண்ணையின் வாசல் வரை வந்தாள். "நான் வண்டிலயே இருக்கேன்" என்றாள். "அந்தப் புள்ளைக்குக் குழி தோண்டுனது எங்க வீட்டுக்காரர். என்னால உள்ள வர முடியாது. அவ போடறதா இருந்தா கூட்டிட்டு வா."

ரோவீனா ஆட்டுக் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உயரமானவள். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"வருவேன்னு டெஸ் சொன்னா. எத்தனை பேர் போட்டாங்க?"

"நாலு."

"அப்ப நான் அஞ்சாவது. மத்த ரெண்டு பேரும் போட்டிருந்தா என்கிட்ட வந்திருப்பீங்களா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. வாய் வரவில்லை. "வந்திருக்க மாட்டோம்" என்றேன்.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பிள்ளை பிறந்த இடம் என்று ஒரு கோடு விட்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேக்கல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வென்ஸ்லின்னு போடுங்கன்னு நான் உங்கம்மாவ கேக்கல. மத்தவங்க கேட்டாங்க. நான் கேக்கல. அவங்களா எழுதிட்டாங்க. ரோட்டுல செத்ததுன்னா போலீஸ் வரும், உன்னையும் உன் புருஷனையும் கேள்வி கேப்பாங்க, அதான்னு அப்புறம் சொன்னாங்க. நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணினாங்க. எனக்குத் தெரியும்." தொட்டிக்குள் தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதை மூடவில்லை. "ஏழு நிமிஷம் அவன் என் மேல படுத்திருந்தான். வென்ஸ்லி எண்பத்தஞ்சுன்னு ஒரு பச்சைப் பலகை இருக்குல்ல, அதுக்கு நேரா. ரெண்டு வருஷமா சனிக்கிழமைன்னா அங்க போய் நிக்கறேன். காகிதத்துல பாத்தா எம்புள்ள அங்க இருந்ததே இல்ல."

நான் குழாயை மூடிவிட்டு வந்து நின்றேன்.

"உங்க அட்டவணைல பலகை நம்பர் வருமா?"

"வராது. அஞ்சுன்னு மட்டும்தான் வரும்."

"அப்ப இப்படிப் பண்ணு. நான் போடறேன். உங்கம்மாவும் ஒண்ணு எழுதித் தரணும், அவங்க பேரப் போட்டு. அப்புறம் புதன்கிழமை எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லணும். எந்த எடம்னு. நான் கேக்கலன்னும் சொல்லணும். அவங்க முடியாதுன்னா என்னோடதக் கிழிச்சுப் போட்டுரு."

அதுவரை அம்மாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் என்றுதான் பிரையனி எழுதியிருந்தாள், அம்மாவைக் காப்பாற்ற. நான் டல்சியைக் கூட்டி வந்தேன். டல்சி சாட்சிக் கையெழுத்துப் போட்டபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ரோவீனா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அம்மா கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

"அவ கேக்கலையா?" என்றாள் அம்மா. மறுபடியும், "கேக்கலையா?" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "நான் அவளுக்காகவும்தான்னு நெனச்சுட்டேனே."

பிரையனி, "நீங்க யோசிச்சுப் பண்ணுங்க கிளெனிஸ்" என்றாள். "நாலோடயும் அனுப்பலாம். நட்சத்திரம்தான் வரும். ஆனா உங்க வேலை தப்பிக்கும்."

"நட்சத்திரத்தப் பாத்து மருத்துவச்சி அனுப்புவாங்களா?"

பிரையனி மேசையில் இருந்த பத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ வண்டில இல்லைனா எனக்கு யாரு?" என்றாள் ஷோனா. மதியம் என்னைப் போ என்று துரத்தியவள் அவள்தான். இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம், "பேனா குடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினோம். ஐந்து சத்தியப் பத்திரங்கள், பிறகு அம்மாவுடையது.

புதன்கிழமை மண்டபத்தில் நாற்பத்தொரு டிகிரி. குழுவில் மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைவி வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய, மரியாதையாகப் பேசுகிற ஒரு பெண்மணி. மின்விசிறிக்குக் காகிதங்கள் பறந்ததால் அவற்றின் மேல் லாமிங்டன் கேக் தட்டை வைத்திருந்தார்கள்.

அம்மா ஆம்புலன்ஸ் சீருடையில் போகவில்லை. நீலப் பூப்போட்ட சட்டை போட்டிருந்தாள். எழுந்து நின்று, கையில் காகிதம் இல்லாமல் சொன்னாள்.

"வென்ஸ்லி நூத்தி நாப்பது, கோதுமைக் கிடங்கு. பையன். வென்ஸ்லி நூத்திப் பத்து, பொண்ணு. நூத்தி அஞ்சு, மழை பெஞ்சுது, பொண்ணு. அறுபது, பாலத்துக்கு இந்தப் பக்கம், பையன். முப்பது, பொண்ணு. பதினஞ்சு, ஊர் வெளக்கு தெரிஞ்சுது, பையன்." நிறுத்தினாள். "வென்ஸ்லி எண்பத்தஞ்சு. பையன். ஜாஸ்பர் ஹாடோ. ஏழு நிமிஷம் இருந்தான். எல்லாத்தையும் நான் வென்ஸ்லின்னு எழுதினேன். மத்தவங்க கேட்டாங்க. ரோவீனா கேக்கல. நானா எழுதினேன்."

மண்டபத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ரோவீனா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜாஸ்பர் என்று சொன்னபோது மட்டும் தலையை லேசாக அசைத்தாள், சரிபார்ப்பது போல.

தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவுக்கு நன்றி சொன்னார். உண்மையாகவே சொன்னார், அது எனக்குத் தெரிந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவர்களோடு பேசினார். பிரையனி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"துறையோட கணக்க இனிமே எங்களால நம்ப முடியாது" என்றார் தலைவி. "கூனரிங் மட்டுமில்ல. மத்த ஊர்லயும் இப்படி நடந்திருக்கலாம். எல்லாப் பதிவையும் திரும்பச் சரிபாக்கச் சொல்லப் போறோம். இது ரொம்பப் பெரிய விஷயம். நீங்க கொண்டுவந்தது."

"எவ்வளவு நாள்?" என்றாள் பிரையனி.

"தொண்ணூறு நாள்ல தரச் சொல்லுவோம்."

"இங்க ஒருத்தருக்கு ஆறு வாரம்தான் இருக்கு. வடக்க பண்ணின மாதிரி இடைக்கால ஏற்பாடா ஒரு மருத்துவச்சிய..."

"அங்க கணக்குல தகராறு இல்லம்மா" என்றார் தலைவி. அவர் ஷோனாவைப் பார்த்தார். "இங்க எண்ணே தப்புன்னு ஆயிடுச்சு. சரியான எண் வர்றவரைக்கும் எங்களால எதையும் சிபாரிசு பண்ண முடியாது. நான் தனியா அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதறேன்."

பிரையனி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அவள் காதுகள் சிவந்துவிட்டன. உண்மையைக் கொண்டுவந்து கொடுத்ததால்தான் தாமதம் என்பதை அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். கர்ஸ்டி எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்தவில்லை. வெளியிலிருந்து அனல் உள்ளே வந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கெல்லாம் வென்ஸ்லியிலிருந்து ஆம்புலன்ஸ் அதிகாரி வந்துவிட்டார். பியர்ஸ் என்று பெயர். கூட ஒரு ஓட்டுநர். அம்மாவுக்கு அவரைப் பதினோரு வருடமாகத் தெரியும்.

"விசாரணை முடியறவரைக்கும்தான் கிளென்" என்றார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். "விதி. எனக்கே புடிக்கல."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுவா?" என்றாள் டல்சி.

எங்கள் ஊரில் அம்மாவைத் தவிர ஆம்புலன்ஸ் ஓட்ட உரிமம் உள்ளவர்கள் இல்லை. அதனால் வண்டியை வென்ஸ்லியில் நிறுத்தப் போகிறார்களாம். கூப்பிட்டால் அங்கிருந்து வரும்.

"ரெண்டு மணி நேரம் வர, ரெண்டு மணி நேரம் போக" என்றாள் ஷோனா. சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போகவே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் கொட்டகையின் கதவைத் தூக்கி வண்டியை வெளியே எடுத்தார்கள். செய்தி பரவிப் பலர் தெருவில் நின்றிருந்தார்கள். அம்மா ஓட்டுநரின் ஜன்னலருகே போனாள்.

"பின்கதவு சரியா சாத்தாது, தூக்கி அடிக்கணும்" என்றாள். "ஆக்சிஜன் போன வாரம்தான் மாத்தினேன். பாலம் தாண்டினதும் கங்காரு நிக்கும், வெயில் எறங்கற நேரம் வேற. எம்பதுக்கு மேல போகாதீங்க."

ஓட்டுநர் சின்ன வயதுப் பெண். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வண்டி தெருக்கோடியைத் தாண்டி மறையும் வரை நாங்கள் நின்றோம். ரோவீனா எங்களைக் கடந்து தன் வண்டிக்குப் போகும்போது அம்மாவின் தோளில் கையை வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளே போகவில்லை. எங்கள் பழைய காரின் பானெட்டைத் திறந்தாள். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தாள். பின் இருக்கையை மடித்துப் படுக்க இடம் வருகிறதா என்று கையால் அளந்தாள்.

"ஷோனா" என்று கூப்பிட்டாள். "வந்து ஒரு தடவ படுத்துப் பாரு."

ஷோனா படியில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நகரவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் காருக்குள் ஏறினாள்.